முதல்ல கறுப்பு

2024 அக்டோபர்ல மழை கொட்டும்னு எச்சரிக்கை வந்த அன்னைக்கு வேளச்சேரி மேம்பாலம் எப்படி இருந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரெண்டு ஓரமும் வரிசையா கார். மீம் போட்டோம், ஸ்டேட்டஸ் வெச்சோம், சிரிச்சோம். ஆனா அந்தக் கார்காரங்க யாரும் காமெடி பண்றதுக்காக அங்க நிறுத்தல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவங்க அவங்க. அதுக்கும் முன்னாடி 2015. டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அடையாறு நிரம்பி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பக்கமெல்லாம் தண்ணி புகுந்து, காரெல்லாம் மிதந்தது. நமக்கு அப்போ பத்து, பதினொரு வயசு. ஸ்கூல் லீவுன்னு மட்டும்தான் புரிஞ்சது.

மேம்பாலத்துக்குப் போக முடிஞ்சவங்க கதை அது. போக முடியாதவங்க நிறைய பேர். தெருமுனையிலயே முழங்கால் தண்ணி, ஸ்டில்ட் பார்க்கிங்ல கார், ராத்திரி ரெண்டு மணி, கரண்ட் கிடையாது, போன்ல சிக்னல் கிடையாது. அந்த நேரத்துல காருக்காக வீட்ல இருக்கிற ஒருத்தர் பண்ணக்கூடிய உருப்படியான வேலை ஒண்ணு இருக்கு. ஒரு 10 எம்.எம். ஸ்பேனரும் அஞ்சு நிமிஷமும் போதும். பானெட்டைத் தூக்கி, பேட்டரியோட நெகட்டிவ் கேபிளைக் கழட்டி ஒதுக்கி வைக்கிறது. தண்ணி உள்ள ஏறினாலும் வயரிங்ல கரண்ட் ஓடாது. கனெக்டர்களும் ஈசியூவும் மின்னாற்பகுப்பு நடந்து அரிச்சுப் போறது பெரிய அளவுல குறையும், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிற அபாயமும் குறையும்.

இதை எத்தனை பேருக்குப் பண்ணத் தெரியும்? கார் ஓட்டத் தெரிஞ்ச அங்கிள்களை விடுங்க, நம்மைக் கேட்கிறேன். பைனல் இயர் மெக்கானிக்கல், இ.இ.இ., ஆட்டோமொபைல்.

நாம இருக்கிற ஊரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஒரு காலத்துல கார் தயாரிச்சது. அந்த இடத்துல இப்போ ஐ.டி. பார்க் நிக்குது. ஜி.எஸ்.டி. ரோட்டுல இன்னும் தெற்கே போனா மறைமலை நகர்ல 2022 வரைக்கும் கார் தயாரிச்ச ஃபோர்டு, அந்தப் பக்கம் ஒரகடத்துல ரெனோ-நிசான், இருங்காட்டுக்கோட்டையில 1998லேருந்து ஹூண்டாய். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949ல ஆரம்பிச்சப்பவே ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் வெச்சிருந்தாங்க. இந்த வட்டாரத்துல ஒரு கல்லை எறிஞ்சா ஏதாவது ஒரு இன்ஜினியர் மேலதான் விழும். அப்படிப்பட்ட ஊர்ல காலையில கார் ஸ்டார்ட் ஆகலைன்னா, ஒரு தெருவே நின்னு "தள்ளிப் பாருங்க சார்"னு சொல்லுது.

நமக்குத் தெரியாதுன்னு சொல்லல. தெரிஞ்சது வேற மாதிரி தெரியும், அதான் பிரச்சினை. லெட்-ஆசிட் பேட்டரியை 1859ல கஸ்தோன் ப்ளாந்தே கண்டுபிடிச்சார்னு வைவாவுல சொல்லுவோம். ரெண்டு எலக்ட்ரோடுலயும் நடக்கிற ரியாக்‌ஷனை எழுதிக் காட்டுவோம். 'பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்'னு ப்ராஜெக்ட் தலைப்பு வெக்காத பேட்ச் இப்போ எங்கயாவது இருக்கா? ஆனா அப்பாவோட கார்ல எந்த கேபிளை முதல்ல கழட்டணும், அது ஏன்னு கேட்டா பாதிப் பேர் "ரெட்டு?"ன்னு கேள்விக்குறியோட சொல்றாங்க. கேட்டுப் பார்த்துட்டுத்தான் எழுதறேன். சரியா சொன்னவங்கள்லயும் காரணம் சொன்னவங்க கம்மி. "ஷாக் அடிக்கும்"னாங்க.

ஷாக் அடிக்காது. 12 வோல்ட் தானே. உலர்ந்த தோலோட எதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓம். ரெண்டு டெர்மினலையும் ரெண்டு கையால பிடிச்சாலும் ஒண்ணும் தெரியாது. ஆபத்து உங்க உடம்புக்குள்ள ஓடுற கரண்ட்ல இல்ல, உங்க கையில இருக்கிற ஸ்பேனர்ல ஓடுற கரண்ட்ல இருக்கு.

நல்ல கார் பேட்டரியோட உள் எதிர்ப்பு 10 மில்லி ஓமுக்குள்ளதான். 12.6ஐ 0.01ஆல வகுங்க. 1260 ஆம்பியர். நிஜத்துல ஸ்பேனர் சரியாத் தொடாது, தொடற இடத்துல எதிர்ப்பு இருக்கும், அதனால இவ்வளவு வராதுன்னு வெச்சுக்கலாம். ஆனாலும் சில நூறு ஆம்பியர் போகும். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல ஆர்க் வெல்டிங் பண்ணோமே, அது சுமார் 100 ஆம்பியர். அதே சங்கதி, முகத்துக்கு நேரா, கண்ணாடி கூட இல்லாம நடக்கும். ஸ்பேனர் ஒட்டிக்கும், சிவக்கும், ஈயம் உருகித் தெறிக்கும்.

இப்போ கறுப்பு ஏன் முதல்லன்னு பார்க்கலாம். காரோட இரும்பு உடம்பு முழுக்க பேட்டரியோட நெகட்டிவ்தான். பாடி, எஞ்சின், பானெட் ஸ்டே எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கறுப்பு வயர் மாதிரி. நீங்க முதல்ல சிவப்பைக் கழட்ட ஆரம்பிச்சா, ஸ்பேனரோட ஒரு முனை பாசிட்டிவ்ல இருக்கும். திருப்பும்போது மறுமுனை எங்கயாவது பாடியில இடிச்சா சர்க்யூட் முடிஞ்சது. எஞ்சின் பே இப்பல்லாம் எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு தெரியும், இடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். அதுவே கறுப்பை முதல்ல கழட்டினா, ஸ்பேனர் பாடியில இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டு பக்கமும் நெகட்டிவ் தானே. கறுப்பு கழண்டதுக்கு அப்புறம் பாடிக்கும் பேட்டரிக்கும் உறவே கிடையாது. பிறகு சிவப்பைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியைத் தொட்டாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்ல. மாட்டும்போது இதையே தலைகீழா யோசிங்க. சிவப்பு முதல்ல, கறுப்பு கடைசி.

இது இவ்வளவுதான். ஒரு தடவை காரணம் புரிஞ்சா வாழ்க்கை முழுக்க மறக்காது. 'நெகட்டிவ் ஃபர்ஸ்ட்'னு மனப்பாடம் பண்ணினவன் அவசரத்துல மாத்திப் பண்ணிடுவான்.

மிச்சமெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்ட விஷயம். வண்டியை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு சில நிமிஷம் விடுங்க, உள்ள இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்கட்டும். சாவியை உள்ள வெச்சுக் கதவை மூடிடாதீங்க. பேட்டரி போன பிறகு சென்ட்ரல் லாக் உங்க பேச்சைக் கேட்காது. மழைக்காகக் கழட்டறீங்கன்னா அதுக்கு முன்னாடியே கண்ணாடி எல்லாம் ஏத்திடுங்க. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழட்டிடுங்க. கோயில் கயிறு பரவாயில்ல. உலோகம் எதுவா இருந்தாலும் அது இன்னொரு ஸ்பேனர்தான், விரலைச் சுத்தி இருக்கிற ஸ்பேனர். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கிளவுஸ். லேப்ல வாங்கின சேஃப்டி கண்ணாடி ஹாஸ்டல் அலமாரியில சும்மாதானே கிடக்கு.

சிகரெட், தீக்குச்சி பக்கத்துல வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கும். இருட்டுல டெர்மினல் தெரியலன்னு லைட்டர் கொளுத்திப் பார்க்கிற ஆளுங்க இருக்காங்க, சத்தியமா. போன் டார்ச் எதுக்கு இருக்கு?

நெகட்டிவ் கேபிளைக் கழட்டினதும் அப்படியே விட்டுடாதீங்க. அது ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்து டெர்மினல்லயே உக்காரும். பழைய துணியைச் சுத்தி ஓரமா மடிச்சு வைங்க. அடுத்து சிவப்பு, அப்புறம் பேட்டரியை அழுத்திப் பிடிச்சிருக்கிற கிளாம்ப். தூக்கும்போது நேரா, நிமிர்ந்த மாதிரியே தூக்குங்க. சின்ன கார் பேட்டரியே பத்து கிலோ பக்கம் வரும், டீசல் வண்டியோடது இன்னும் அதிகம். எடையில பாதிக்கு மேல ஈயம். சாய்ச்சா ஆசிட் கசியலாம். ஆசிட் பட்ட ஜீன்ஸ் அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், துவைச்சு எடுத்தா ஓட்டை. தோல்ல பட்டா நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க. கண்ணுல பட்டா குழாயடியில கால் மணி நேரமாவது விடாம கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. தரையில கொட்டினா சமையல் சோடா.

டெர்மினல்ல பூத்திருக்கிற வெள்ளை, பச்சைப் பொடிக்கும் அதே சமையல் சோடாதான். வெந்நீர்ல கரைச்சு, பழைய டூத் பிரஷால தேய்ச்சா நுரைச்சுக்கிட்டு வரும். பத்தாங்கிளாஸ் அமிலம்-காரம் பாடத்தோட ஒரே நேரடிப் பயன் இதுதான்னு நினைக்கிறேன். கோலா ஊத்துறவங்களும் உண்டு. அதுவும் அமிலம்தான், வேலை செய்யும். ஆனா அப்புறம் சர்க்கரைப் பிசுக்குக்கு எறும்பு வரும். சோடா மலிவு. சுத்தம் பண்ணிட்டு, மாட்டி இறுக்கின பிறகு கொஞ்சம் வாசலின்.

பல நேரம் இந்தச் சுத்தம் பண்றதோடயே பிரச்சினை தீர்ந்துடும், புது பேட்டரியே வேண்டாம். இதுக்குத்தான் ஒரு மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 காட்டினா பேட்டரி நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். 12க்குப் பக்கம்னா காலி. எஞ்சின் ஓடும்போது 13.8லேருந்து 14.5 வரைக்கும் இருந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது. ஓடும்போதும் 12தான்னா குற்றவாளி ஆல்டர்னேட்டர் பக்கம், நீங்க எத்தனை புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அது சாகத்தான் போகுது. மேடவாக்கத்துல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் எட்டு மாசத்துல ரெண்டு பேட்டரி வாங்கினார். ரெண்டு தடவையும் கடைக்காரர் வந்து மாட்டிட்டுப் போனார், ஒருத்தரும் மீட்டர் வெச்சுப் பார்க்கல. வோல்ட்மீட்டரை ஒரு பேட்டரிக்கு பாரலெல்லா வைக்கிறதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா என்ன?

இங்க ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. "போன் பண்ணா பசங்க பைக்ல பேட்டரியோட வீட்டுக்கே வந்து, அரை மணி நேரத்துல மாட்டிக் குடுக்கறாங்க, சர்வீஸ் சார்ஜும் கிடையாது. நான் எதுக்கு கை அழுக்காக்கணும்?" உண்மைதான், வர்றாங்க. ராஜகீழ்ப்பாக்கத்துலேருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் அந்தப் பசங்க போகாத சந்து இல்ல. அவங்க பொழப்பைக் கெடுக்கறது என் நோக்கம் இல்ல. நல்ல நாள்ல அவங்களையே கூப்பிடுங்க. கெட்ட நாள்ல அவங்க வீட்லயும் தண்ணி இருக்கும், அது ஒண்ணு. ரெண்டாவது, தெரிஞ்சவன் பக்கத்துல நின்னா வேலை ஒழுங்கா நடக்கும். கிளாம்ப் போடாம விட்டுட்டுப் போறது, எல்லுக்குப் பதிலா ஆர் வகையை வளைச்சு இழுத்து மாட்டறது, இதெல்லாம் நடக்குது. 38பி20எல், 38பி20ஆர்னு பேட்டரி மேல எழுதியிருக்கும். கடைசி எழுத்து, பாசிட்டிவ் எந்தப் பக்கம்னு சொல்லுது. மத்ததெல்லாம் ஒண்ணு, அந்த ஒரு எழுத்து மாறினா கேபிள் எட்டாது. எட்டவெச்சா இழுவையில தளரும். பாசிட்டிவ் குமிழ் நெகட்டிவைவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கிறதே நாம மாத்தி மாட்டக்கூடாதுன்னுதான். அதையும் சுத்தியால தட்டி உள்ள ஏத்துற வீரர்கள் இருக்காங்க.

எல்லாக் காருக்கும் இதைப் பண்ணுங்கன்னும் சொல்லல. சிக்னல்ல தானா அணைஞ்சு எரியற ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளுக்கு வேற வகை பேட்டரி. சில வண்டிகள்ல பேட்டரி மாத்தினதை கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். அங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதான். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டியில ஆரஞ்சு கலர் கேபிள் கண்ணுல பட்டா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அது நூத்துக்கணக்கான வோல்ட், நான் மேல சொன்ன 'ஷாக் அடிக்காது' அங்க செல்லாது. வீட்டு இன்வெர்ட்டரும் அப்படித்தான். பேட்டரி 12 வோல்ட்தான், ஆனா பெட்டிக்குள்ள 230 இருக்கு. மெயின்ல பிளக்கைப் பிடுங்காம, இன்வெர்ட்டரை அணைக்காம அதைத் தொடக்கூடாது. எடையும் ஐம்பது கிலோவுக்கு மேல, தனியாத் தூக்கினா முதுகு போயிடும். நம்ம ஏரியாவுல அதை மாடிப்படிக்குக் கீழ தரையிலயே வைக்கிற பழக்கத்தை முதல்ல விடணும். தண்ணி முதல்ல வர்ற இடம் அதுதான்.

வெள்ளத்துக்கும் ஒரு எல்லை உண்டு. தண்ணி ஏற்கனவே பம்பருக்கு வந்தாச்சுன்னா காரை விடுங்க, இடுப்பளவு தண்ணியில தெருவுல இறங்கி ஹீரோ ஆக வேண்டாம். வடிஞ்ச பிறகு "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்"னு சாவி திருப்பவும் வேண்டாம். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். நெகட்டிவைக் கழட்டி வெச்ச வண்டியில அந்தச் சபலமே வராது. அதுவே ஒரு லாபம்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் காரையும் பர்ஸையும் பத்தினது. எனக்கு நிஜமா உறுத்தறது பேட்டரி வெளிய வந்த பிறகு நடக்கிறது.

வீட்லயே மாத்திக்கிட்டா பழைய பேட்டரி உங்க கையில இருக்கும். புது பேட்டரி வாங்கின கடையில குடுத்தா விலையில கழிப்பாங்க. தெருமுனை காயலான் கடையில கொஞ்சம் அதிகம் குடுக்கலாம், இருநூறோ முந்நூறோ. அங்கதான் போடத் தோணும். ஆனா அங்கேருந்து அது எங்க போகுதுன்னு ரசீது கிடையாது. சில சமயம் நேரா பின்னாடி ஒரு கொட்டகைக்குப் போகும். கோடாலியால பிளந்து, ஆசிட்டைச் சாக்கடையில ஊத்திட்டு, ஈயத்தைத் திறந்த அடுப்புல உருக்குவாங்க. ஈயப் புகையும் தூசும் பக்கத்து மண்ணுல படியும். ஈயத்துக்கு 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்ல'ங்கற அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதிகம் பாதிக்கறது குழந்தைங்க மூளையை. செனகல் நாட்டுல தியாரோய்-சுர்-மேர்னு ஒரு ஊர். பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிச்சுப் பிழைச்ச ஊர். 2007 நவம்பர்லேருந்து 2008 மார்ச்சுக்குள்ள அங்க 18 குழந்தைங்க செத்துப்போனாங்க. காரணம் அந்த ஈயம். உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடி பேர் வரைக்கும், ரத்தத்துல கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருக்குன்னு 2020ல யூனிசெஃபும் ப்யூர் எர்த்தும் சேர்ந்து அறிக்கை விட்டாங்க. அதுல ஒழுங்கில்லாத பேட்டரி மறுசுழற்சி ஒரு முக்கியக் காரணம்.

நம்ம நாட்டுல சட்டம் இல்லாம இல்ல. 2001லயே பேட்டரிக்குத் தனி விதிகள் வந்தாச்சு. அதை மாத்தி 2022ல பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் வந்தது. தயாரிக்கறவங்க திரும்பச் சேகரிக்கணும், பயன்படுத்தறவங்க மத்தக் குப்பையோட கலக்காம சேகரிப்பு, மறுசுழற்சி செய்யறவங்க கிட்ட ஒப்படைக்கணும். பேட்டரி மேல குப்பைத்தொட்டிக்குக் குறுக்குக் கோடு போட்ட படம் இருக்கே, அது அதுக்குத்தான். ஈயத்துல ஒரு நல்ல விஷயம், அதை முறையா உருக்கினா திரும்பத் திரும்பப் புது பேட்டரி ஆக்கலாம். வீணாப் போற பொருளே இல்ல. முறையா உருக்கற இடத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான். அந்த முந்நூறு ரூபாயை விட்டுக்கொடுக்க நடுத்தர வர்க்கத்தால முடியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி பிரியாணிக்கு டெலிவரியோட அதைவிட அதிகம் ஆகுது.

அதனால வீட்லயே மாத்தறவங்களுக்கு நான் வைக்கிற ஒரே நிபந்தனை இது. பழசை டிக்கியில நிமிர்த்தி வெச்சு, குமிழ் ரெண்டுலயும் டேப் ஒட்டி, புதுசு வாங்கின கடைக்கே கொண்டுபோய்க் குடுங்க. பில்லுல 'பழையது பெறப்பட்டது'ன்னு எழுதி வாங்குங்க. இது ஒரு ஞாயித்துக்கிழமை காலை வேலை.

நம்ம காலேஜுக்கு ஒரு யோசனை. ஆட்டோமொபைல் ஷெட்ல ஓடாத கார் ரெண்டு நிக்குது, எல்லாரும் சிம்போசியத்துக்கு போட்டோ எடுக்கத்தான் அதுகிட்ட போறோம். அதுல ஒண்ணுக்கு ஒரு பேட்டரியை மாட்டி வைங்க. பத்துப் பத்துப் பேரா வந்து கழட்டி மாட்டட்டும், மீட்டர் வெச்சுப் பார்க்கட்டும். எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் சரி, செக்யூரிட்டி அண்ணன்களும் பஸ் டிரைவர் அண்ணன்களும் வந்தா இன்னும் நல்லது, அவங்ககிட்ட நாம கத்துக்கலாம். கிரெடிட்டும் வேண்டாம், சர்ட்டிஃபிகேட்டும் வேண்டாம். அக்டோபர்ல மழை ஆரம்பிச்சுடும். செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷெட் சாவி கிடைச்சாப் போதும், 10 எம்.எம். ஸ்பேனர் நான் கொண்டு வரேன்.